எங்கடினுக்குப் போற பெட்டி

திரேசா: உந்த ஒட்டுப்பட்டியை ஆர் இப்பிடிச் சுத்தினது? பெட்டி காலை முறிச்சுப் போட்டு வந்த மாதிரி இருக்கு.

கோபிஷா: நான்தான், அன்ரி. கையை எடுங்கோ.

திரேசா: சும்மா பாக்கிறன்.

கோபிஷா: கண்ணால பாருங்கோ. நகத்தால பாக்க வேண்டாம்.

திரேசா: பூம்ப்ளிசில இருந்து டீட்டிகோனில என்ர வீடு மட்டும் இந்த மரக்கறிப் பெட்டியை மடியில வைச்சே கொண்டு வந்தனி?

கோபிஷா: மடியில இல்லை. ரயிலில சைக்கிள் விடுற இடத்தில வைச்சிட்டுப் பக்கத்தில நிண்டனான்.

திரேசா: ஏன்? ஒவ்வொரு கிழமையும் தில்லைநாயகி அக்காவின்ர மனிசன்தானே கடை வானில கொண்டு வந்து இறக்கிறவர். அவருக்கு என்ன நடந்தது?

கோபிஷா: ஒண்டும் நடக்கேல்லை. இந்த முறை நான் கொண்டு போறன் எண்டு சொன்னனான்.

திரேசா: அப்ப நீ இதுக்கெண்டே வந்தனியோ? கொப்பா இந்தப் பெட்டி அனுப்புறதை என்ன சொல்லித் தொடங்கினவர்? பெட்டிக்காக ஒருத்தரும் பயணம் போகக் கூடாது. எப்பிடியும் அந்தப் பக்கம் போறவைதான் கொண்டு போக வேணும். அவற்ற மகளே...

கோபிஷா: பேந்து சூரிச்சுக்குப் போய்ச் சப்பாத்து வாங்கப் போறன். இப்ப நான் சப்பாத்து வாங்கப் போற ஆள். வழியில பெட்டி.

திரேசா: வாய் மட்டும் அப்பிடியே கொப்பா. சரி, இரு. என்ர பிடி எங்கை?

கோபிஷா: இந்தாங்கோ. பயித்தங்காய்.

திரேசா: பையிலயோ?

கோபிஷா: ஓம். தனியாக் கட்டினது.

திரேசா: பிடி எண்டா பெட்டியைத் திறந்து, கையை விட்டு, அகப்பட்டதை எடுக்கிறது. பெட்டி இறங்கிற வீட்டுக்கு ஒரு பிடி. இது என்ன, மருந்துக்கடையில குளிசை கட்டித் தாற மாதிரி.

கோபிஷா: அதுக்காகத்தான் தனியாக் கட்டினனான். பிடியைச் சாட்டி நீங்கள் திறப்பியள் எண்டு தெரியும்.

திரேசா: நான் ஏன் சாட்டுச் சொல்லித் திறக்கிறன்? என்ர நிலவறைக் கெல்லருக்கு இறங்கிற சாமானை நான் ஒருக்காத் திறந்து பாக்கக் கூடாதோ? ரெண்டு வருசமா இஞ்சைதான் இறங்குது. ஒரு நாள் கூடத் திறக்காமல் அனுப்பினதில்லை.

கோபிஷா: அதைத்தான் நானும் சொல்லுறன்.

திரேசா: என்ன சொல்லுறாய்?

கோபிஷா: இந்த முறை ஒருத்தரும் திறக்கிறதில்லை, அன்ரி. நீங்களும் இல்லை, இஞ்சை இருந்து ஏத்திக்கொண்டு போற டெஸ்மன்ட் அண்ணாவும் இல்லை, லாண்ட்குவார்ட்டில வாங்கி வைச்சு மேல அனுப்புற யசோதரா அக்காவும் இல்லை. எங்கடின் மலையில செபஸ்ரியன் அண்ணைதான் திறப்பார். தான் வேலை செய்யிற ஹோட்டல் குசினியில, எல்லாருக்கும் முன்னால.

திரேசா: எல்லாருக்கும் எண்டா?

கோபிஷா: உங்களுக்குத் தெரியாதோ? சனிக்கிழமை அவரின்ர செஃப் மட்டுமில்லை, பக்கத்து ரெண்டு ஹோட்டல் ஆக்களும் வருகினமாம். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கினம். நல்லா இருந்தா கிழமைக்கு ஆறு பெட்டி.

திரேசா: ஆறோ?

கோபிஷா: ஆறு. அதை நம்பித்தான் அப்பா திங்கக்கிழமை கேர்சர்ஸில மற்றப் பிளாஸ்டிக் ரனலையும் தோட்டத்துக்கு வாடகைக்கு எடுக்கக் கையெழுத்து வைக்கப் போறார். வைச்ச உடனை ஆஸ்பத்திரிக் கிச்சின் வேலையை விடுறார்.

திரேசா: விடட்டும். இவ்வளவு காலம் அடுத்தவையின்ர சட்டி கழுவினது காணும். மனிசன் அந்தப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள நிக்கேக்கைதான் ஒரு மனிசன் மாதிரி இருக்கிறார். ... ஆறு பெட்டி எண்டா என்ர கெல்லரில சைக்கிளை எங்கை விடுறது?

கோபிஷா: சைக்கிள் இல்லை இப்பப் பிரச்சினை.

திரேசா: வேற என்ன பிரச்சினை?

கோபிஷா: நீங்கள் சொல்லுங்கோ.

திரேசா: என்னட்டை ஏன் கேக்கிறாய்?

கோபிஷா: பின்னேர வகுப்பில எங்களுக்கு ஒரு வேலை தந்தவை. ஏதாவது ஒரு சாமானை எடுத்து, தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் அது போற வழியால நாங்களும் போய்ப் பாக்க வேணும். நான் அப்பாவின்ர கத்தரிக்காயை எடுத்தனான்.

திரேசா: மருந்துக்கடையில வேலை செய்யிற பிள்ளை. ஒரு குளிசைக்குப் பின்னால போயிருக்கலாமே.

கோபிஷா: குளிசை கூட்டுக்குள்ள பத்திரமாப் போகும். எனக்குக் கத்தரிக்காய்தான் விளங்கேல்லை. இஞ்சை கடையில வாங்கி வைச்சாலே நாலாம் நாள் சுருங்குது. அப்பாவின்ர காய் நாலு கை மாறி, மலை ஏறி, இப்பதான் ஆய்ஞ்ச மாதிரி அங்கை போய் இறங்குது. எப்பிடி எண்டு எனக்கு உண்மையா அறிய வேணும் போல இருந்தது. நான் யோசிக்கிறது பிழையாவும் இருக்கலாம்...

திரேசா: பிழையாத்தான் இருக்கும்.

கோபிஷா: நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே.

திரேசா: ... சொல்லு அப்ப.

கோபிஷா: போன கிழமை எங்கடினுக்குப் போனனான்.

திரேசா: ஓ.

கோபிஷா: அவரின்ர செஃப்புக்கு அப்பாவில சரியான மரியாதையாம். ஒரு கிழமை ஊதாக் கத்தரிக்காயாம். அடுத்த கிழமை வரி விழுந்த வெள்ளையாம். பேந்து பச்சை. பேந்து உருண்டை. ‘இந்த மனிசன் ஒரு ரனலுக்குள்ள எத்தினை சாதி வளக்கிறார்’ எண்டு செபஸ்ரியன் அண்ணையைக் கேட்டவராம்.

திரேசா: ம்.

கோபிஷா: அப்பா ஒரே ஒரு சாதிதான் வளக்கிறார், அன்ரி. நீளமான ஊதா.

திரேசா: மண் வாசியா இருக்கும்.

கோபிஷா: அன்ரி...

திரேசா: இல்லை, தண்ணி. சுவிஸ் தண்ணியில சுண்ணாம்பு கூட. என்ர கேத்திலுக்குள்ள பாத்தியெண்டா...

கோபிஷா: சுண்ணாம்புக்குக் கத்தரிக்காயில வரி விழுமோ?

திரேசா: தேத்தண்ணி குடிக்கிறியோ?

கோபிஷா: ஊத்துங்கோ. பெட்டி என்ர பக்கம் இருக்கட்டும்.

திரேசா: என்னில அவ்வளவு நம்பிக்கை.

கோபிஷா: வரேக்கை லாண்ட்குவார்ட்டில இறங்கி யசோதரா அக்காவையும் பாத்தனான்.

திரேசா: அவ என்னவாம்?

கோபிஷா: முதல்ல ஒண்டும் சொல்லேல்லை. நான் இந்த வெள்ளை வரியைப் பற்றிக் கேட்டன். சிரிச்சுப் போட்டா. தான்தான் மாத்திறதாம்.

திரேசா: பாத்தியோ? அவதான். எனக்கு அப்பவே தெரியும். அந்த வாட்சப் குரூப்பில அவ போடுற படங்களைப் பாக்கவே தெரியும். சீலையில கூட அவவுக்கு வரிதான் விருப்பம்.

கோபிஷா: ஆனா உருண்டைக் காய் தன்ர இல்லையாம். அது தன்னட்டை வரேக்கையே பெட்டிக்குள்ள இருந்ததாம்.

திரேசா: அவ அப்பிடித்தான் சொல்லுவா.

கோபிஷா: லாண்ட்குவார்ட்டுக்கு முதல் பெட்டி எங்கை இறங்குது, அன்ரி?

திரேசா: டெஸ்மன்டின்ர காருக்குள்ள ஏதும் நடந்திருக்கும்.

கோபிஷா: காருக்குள்ள நீட்டுக் காய் உருண்டை ஆகுமோ?

திரேசா: அவன் வளைவில ஓடுற ஓட்டத்துக்கு ஆகும்.

கோபிஷா: அன்ரி, நான் பூம்ப்ளிசில இருந்து இஞ்சை சண்டை பிடிக்க வரேல்லை. அறியத்தான் வந்தனான்.

திரேசா: ... சீனி எத்தினை?

கோபிஷா: ஒண்டு.

திரேசா: எல்லாத்தையும் மாத்திறேல்லை. வாடினதை மட்டும்.

கோபிஷா: எத்தினை வாடியிருக்கும்?

திரேசா: கூடத்தான்.

கோபிஷா: எப்ப தொடங்கினது?

திரேசா: முதல் பெட்டியில.

கோபிஷா: முதல் பெட்டியிலயோ?

திரேசா: கேள். முதல் பெட்டி வந்து இறங்கி நான் இன்னும் திறக்கேல்லை, அதுக்குள்ள கொப்பா போன் எடுக்கிறார். ‘திரேசா, காய் எப்பிடி இருக்கு?’ குரலைக் கேட்டியெண்டா, பள்ளிக்கூடத்தில பாட்டுப் போட்டிக்குப் பாடிப் போட்டு நிக்கிற பிள்ளை மாதிரி. நான் என்ன சொல்லுறது? ‘இப்பதான் ஆய்ஞ்ச மாதிரி இருக்கு, அண்ணை’ எண்டு சொல்லிப் போட்டன். அதுக்குப் பிறகு திறந்து பாத்தா...

கோபிஷா: பாத்தா?

திரேசா: அரைவாசி குழைஞ்சு போச்சு. நான் சொன்ன சொல்லுக்குப் பெட்டி பொருந்த வேணும்தானே. ஸ்ரேசனுக்குப் பின்னால இருக்கிற கடைக்கு ஓடினன். அண்டைக்கு அங்கை உருண்டைக் காய்தான் இருந்தது.

கோபிஷா: அதுக்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும்.

திரேசா: ஒவ்வொரு கிழமையும் போன் எடுக்கிறாரே. நான் என்ன, ஒரு கிழமை ‘இப்பதான் ஆய்ஞ்ச மாதிரி’ எண்டு சொல்லி மற்றக் கிழமை ‘அழுகிப் போச்சு’ எண்டு சொல்லுறதோ? அந்த மனிசனுக்கு?

கோபிஷா: யசோதரா அக்காவும் அதையேதான் சொன்னவ. தன்னட்டை வாறதும் அரைவாசி பழுதாம். அதால மாத்திறதாம்.

திரேசா: எது பழுது?

கோபிஷா: உங்கட வீட்டில இருந்து போறது.

திரேசா: நான் வைச்சதோ? நான் கடையில ஒவ்வொண்டாத் தட்டி, காம்பைப் பாத்து, அந்தக் கடைக்காரப் பொடியன் ‘அன்ரி, இது கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கிற மாதிரி இருக்கு’ எண்டு சொல்லுற அளவுக்குப் பொறுக்கி வைச்சதையோ அவ பழுது எண்டு எறிஞ்சவ?

கோபிஷா: எறியேல்லை. பால்கறி வைச்சவவாம்.

திரேசா: பால்கறியோ. என்ர உருண்டைக் காயை. ... நல்லா இருந்ததாமோ?

கோபிஷா: கேக்கேல்லை.

திரேசா: கேட்டிருக்க வேணும். வேற எல்லாம் கேட்டுத் திரிஞ்சனி.

கோபிஷா: அன்ரி, சிரிக்காதையுங்கோ, எனக்கு ஒண்டு கேக்க வேணும். நீங்கள் வைக்கேக்கை நல்ல காய். யசோதரா அக்காவின்ர கைக்குப் போகேக்கை பழுது. அவ வைக்கேக்கை நல்ல காய். செபஸ்ரியன் அண்ணையும் மேல இருக்கிறதைப் பொறுக்கி எடுத்துப் போட்டுத்தான் செஃப்பைக் கூப்பிடுறவராம். ஒரு நாளைக்குள்ள ஏன் பழுதாகுது?

திரேசா: பயணக் களைப்பு.

கோபிஷா: பெட்டி வந்த உடனை நீங்கள் என்ன செய்வியள்? ஒண்டொண்டாச் சொல்லுங்கோ.

திரேசா: என்ன செய்வன்... திறப்பன். வெளியில எடுப்பன். கழுவுவன்.

கோபிஷா: கழுவுவியள்.

திரேசா: பின்ன? மண்ணோட அடுத்த வீட்டுக்கு அனுப்புறதோ? யசோதரா திறந்து பாத்திட்டு, திரேசா வீட்டில தண்ணி இல்லைப் போல எண்டு நினைக்கவோ? வடிவாக் கழுவி, மரக்கறியில கொஞ்சம் தண்ணி தெளிச்சு, ஈரப் பேப்பரில சுத்தி, பிரிட்ஜுக்குள்ள. காலமை டெஸ்மன்ட் வர முதல் எடுத்து அடுக்குவன். குழந்தைப் பிள்ளையைப் பாக்கிற மாதிரித்தான் பாக்கிறன்.

கோபிஷா: யசோதரா அக்காவும் கழுவுறவ. ஈரத் துணியில சுத்துறவ. பிரிட்ஜில வைக்கிறவ.

திரேசா: அது நல்ல பழக்கம்தானே.

கோபிஷா: அப்பாவும் ஆய்ஞ்ச உடனை கழுவுறவர்.

திரேசா: அவரும்...

கோபிஷா: வெய்யில்ல ஆய்ஞ்சு, கழுவி, வானுக்குள்ள சூடு, உங்கட பிரிட்ஜில குளிர், டெஸ்மன்ட் அண்ணாவின்ர காருக்குள்ள திருப்பியும் சூடு, யசோதரா அக்கா வீட்டில திருப்பியும் குளிப்பாட்டு, திருப்பியும் குளிர். ஈரம் காயவே விடேல்லை. கடையில நீங்கள் பொறுக்கின காயும் அதே குளிப்புத்தான் குளிச்சுது.

திரேசா: அப்ப நாங்கள்தான்...

கோபிஷா: தெரியாது, அன்ரி. நான் பிழையா யோசிச்சிருக்கலாம். வகுப்பில சொன்னதை நான் சரியா விளங்கினனோ எண்டும் தெரியாது. அதுக்குத்தான் இந்தப் பெட்டி. கழுவாமல், உலர்ந்த பேப்பரில சுத்தி, ஒட்டி, ஒருத்தரும் திறக்காமல். பிரிட்ஜில வைக்காமல், இஞ்சை இரவு நிக்காமல்; டெஸ்மன்ட் அண்ணா இந்த முறை இண்டைக்கே ஏத்துறாராம். ஒரு முறை அது தன்ரபாட்டில போகட்டும்.

திரேசா: போய்ப் பழுதா இருந்தா?

கோபிஷா: இருந்தா அப்பா கையெழுத்து வைக்க மாட்டார். ஆஸ்பத்திரி வேலையில இருப்பார்.

திரேசா: எல்லாருக்கும் முன்னாலயல்லோ திறக்கினம். மூண்டு ஹோட்டல் ஆக்கள். செபஸ்ரியனும் வெக்கப்பட்டு, கொப்பாவுக்கும் அந்தச் சேதி போய்... பிள்ளை, ஒரு முறை. இந்த ஒரு முறை மட்டும் நான் திறந்து நல்லதா அடுக்கி விடுறன். பிறகு உன்ர பரிசோதனையை அடுத்த கிழமை வைச்சுக் கொள்ளு.

கோபிஷா: அடுத்த கிழமை ஆறு பெட்டி. ஆறு பெட்டியையும் மாத்துவியளோ, அன்ரி?

திரேசா: அந்தக் கடையிலயே அவ்வளவு காய் இராது.

கோபிஷா: அப்பா வேலையை விட்டிருப்பார். ரனல் நிறையக் காய் நிக்கும். ஒரு பெட்டி பழுது, பேந்து ரெண்டு பெட்டி பழுது. ஹோட்டல்காரர் வேண்டாம் எண்டுவினம். அப்பாவுக்கு ஏன் எண்டே விளங்காது. ரெண்டு வருசம் நல்லாப் போனது இப்ப ஏன் போகேல்லை எண்டு அந்தக் கூடாரத்துக்குள்ள மண்ணைக் கிண்டிக் கிண்டிப் பாப்பார்.

திரேசா: ... ஓம். பாப்பார்.

கோபிஷா: அதைவிட இப்ப தெரியிறது நல்லது.

திரேசா: நீ சொல்லேக்கை சரி மாதிரித்தான் இருக்கு. ஆனா என்ர கை துடிக்குது.

கோபிஷா: தேத்தண்ணிக் கோப்பையைப் பிடியுங்கோ.

திரேசா: இஞ்சை பார், உன்ர போன் அடிக்குது.

கோபிஷா: அப்பா.

திரேசா: வழமையா என்னட்டைத்தான் எடுக்கிறவர்.

கோபிஷா: நீங்கள் கதைச்சா ‘இப்பதான் ஆய்ஞ்ச மாதிரி’ எண்டு சொல்லிப் போடுவியள். நான் பல்கனிக்குப் போய்க் கதைச்சிட்டு வாறன். பெட்டி...

திரேசா: போ போ. பெட்டி எங்கையும் ஓடாது.

கோபிஷா: அன்ரி.

திரேசா: அந்தோனியாரே, நான் தொட மாட்டன். போ. கதவைச் சாத்திக்கொண்டு போ, வெக்கை உள்ள வருது.

...

திரேசா: ஒருக்கா... சும்மா ஒருக்கா.

...

கோபிஷா: ஏன் அன்ரி மூச்சு வாங்குறியள்?

திரேசா: கெல்லருக்குப் போட்டு வந்தனான். லிப்ட் வேலை செய்யேல்லை. கொப்பா என்னவாம்?

கோபிஷா: திரேசா என்ன சொன்னவ எண்டு கேட்டவர். அன்ரி இன்னும் பாக்கேல்லை எண்டு சொன்னன். ‘ஏன், அவவுக்குச் சுகமில்லையோ’ எண்டு கேட்டவர்.

திரேசா: பாவம்.

கோபிஷா: பிறகு சொன்னவர், மற்ற ரனலுக்குள்ள முதல் வெண்டி போடுறதோ பாவல் போடுறதோ எண்டு அம்மாவோட சண்டையாம். அம்மா வெண்டியாம். தான் பாவலாம். உங்களைக் கேக்கச் சொன்னவர்.

திரேசா: பாவல். வெண்டி முத்திப் போகும்.

கோபிஷா: சொல்லுறன்.

திரேசா: கோபி... உங்கட வீட்டில ஆரும் திறக்கிறேல்லையோ? பூம்ப்ளிசில?

கோபிஷா: பெட்டி எங்கட வீட்டில இரவு மட்டும்தான் நிக்கிறது.

திரேசா: இஞ்சையும் இரவு மட்டும்தான் நிக்கிறது.

கோபிஷா: அம்மாவுக்கு எங்கை நேரம்? ... மணி அடிக்குது. டெஸ்மன்ட் அண்ணாவா இருக்கும்.

திரேசா: வா தம்பி, வா. சப்பாத்தைக் கழட்டாதை, கெதியாப் போ, நீ பிந்திப் போவாய்.

டெஸ்மன்ட்: என்ன திரேசா அக்கா, வழமையா தேத்தண்ணி குடிக்காமல் போக விட மாட்டியள். இண்டைக்கு வாசலிலேயே கலைக்கிறியள். ... ஆ, கோபிஷாவோ? நீர் எங்கை இஞ்சை?

கோபிஷா: சப்பாத்து வாங்க வந்தனான், அண்ணா.

டெஸ்மன்ட்: டீட்டிகோனிலயோ?

திரேசா: அவளின்ர கதையை விடு. பெட்டியை எடு. அடியில கையைக் குடுத்துத் தூக்கு.

டெஸ்மன்ட்: இதென்ன, இவ்வளவு ஒட்டு? உள்ள ஏதும் உயிரோட இருக்கோ?

கோபிஷா: அண்ணா, இண்டைக்கு இதைத் திறக்கக் கூடாது.

டெஸ்மன்ட்: நான் எப்ப திறந்தனான்? நான் ஓடுறது மட்டும்தான். லாண்ட்குவார்ட்டில நான் வேலை செய்யிற லாகர்க் கிடங்குக்குப் போற வழியில யசோதரா அக்காவின்ர வாசலில இறக்குவன், போவன். என்ர வேலை அவ்வளவுதான். ... ஒரு பிடி எடுப்பன்.

கோபிஷா: உங்கட பிடி இந்தப் பையில இருக்கு.

டெஸ்மன்ட்: ஓ. கட்டிப் போட்டு வந்திருக்கிறீர். உம்மட அப்பா குகதாசன் ஐயா பெரிய கொம்பனி நடத்தத் தொடங்கிட்டார் போல.

கோபிஷா: இன்னொண்டு அண்ணா. காருக்குள்ள ஏசியைப் பெட்டிக்கு நேர விடுறனீங்களோ?

டெஸ்மன்ட்: பின்ன? நான் வேர்த்தாலும் காய் வேர்க்கக் கூடாது எண்டுதான். முன் சீட்டில வைச்சு, பெல்ட்டும் போட்டு, காத்து முழுக்க அதுக்குத்தான்.

கோபிஷா: இண்டைக்கு வேண்டாம். காத்தை நீங்கள் எடுங்கோ.

டெஸ்மன்ட்: அப்பிடியோ. நல்ல காலம் பிறந்திருக்கு எனக்கு. ... அக்கா, நீங்கள் ஏன் ஒண்டும் பேசாமல் நிக்கிறியள்? வழமையா ‘பாத்து ஓடு, வளைவில பாத்து ஓடு’ எண்டு லிப்ட் மட்டும் வருவியள்.

திரேசா: பாத்து ஓடு.

டெஸ்மன்ட்: மெல்லிசாச் சொல்லுறியள். சரி, வாறன். இப்ப வெளிக்கிட்டாத்தான் சூரிச் ஸ்டாவுக்குள்ள, அந்த வாகன நெரிசலுக்குள்ள, அகப்பட மாட்டன். கோபிஷா, சனிக்கிழமை என்ன நடந்தது எண்டு குரூப்பில போடும்.

கோபிஷா: போடுறன், அண்ணா. லிப்ட் வேலை செய்யுதில்லையாம், படியால கவனமாப் போங்கோ.

டெஸ்மன்ட்: ஆர் சொன்னது? நான் இப்ப லிப்டிலதான் வந்தனான்.

திரேசா: போ தம்பி, ஸ்டாவ்.

...

கோபிஷா: போயிட்டார்.

திரேசா: போயிட்டான். அந்தா, கார் வளையுது. உந்த வளைவையே பார் எப்பிடி எடுக்கிறான் எண்டு.

கோபிஷா: இதுதான் முதல் முறை, என்ன? பெட்டி திறக்காமல் உங்கட வீட்டைத் தாண்டிப் போறது.

திரேசா: இரு. இந்தக் கதிரையில இரு. எனக்கு ஒளிச்சு வைச்சுப் பழக்கமில்லை.

கோபிஷா: ரெண்டு வருசம் ஒளிச்சனீங்கள்.

திரேசா: அது கொப்பாவுக்கு. உனக்கு இல்லை. ... நீ பல்கனியில நிக்கேக்கை நான் கெல்லருக்குப் போகேல்லை. பெட்டியைக் கவிட்டு, அடியில ஒரு பக்கத்தை மெல்லமா இளக்கிப் பாத்தனான்.

கோபிஷா: அன்ரி...

திரேசா: மாத்தேல்லை. சத்தியமா ஒண்டையும் மாத்தேல்லை. மாத்த இஞ்சை ஒரு காயும் இல்லை. பாக்கத்தான் பாத்தன். பாக்காமல் அனுப்பினா சனிக்கிழமை மட்டும் எனக்கு நித்திரை வராது.

கோபிஷா: என்ன பாத்தனீங்கள்?

திரேசா: கேள் இதை. அடிக்காய் எண்டா எப்பவும் முதல்ல நசியிற காய். கையை விட்டு நல்லாத் தடவிப் பாத்தன். ஒண்டிலயாவது ஒரு மெத்துப் பிடிக்கேல்லை. தோல் பளபள எண்டு. காம்பு பச்சை. பேப்பர் காஞ்சு கிடக்கு. ரெண்டு வருசத்தில கொப்பாவின்ர காய் இப்பிடி என்ர கைக்கு வந்ததே இல்லை. நீ சொன்னது சரி, பிள்ளை. நீ எப்பவும் பிழையா இருக்கலாம், பிழையா இருக்கலாம் எண்டு சொல்லிக்கொண்டு இருப்பாய். பிழையே இல்லை. நாங்கள்தான் கழுவிக் கழுவிக் கெடுத்தம். நான் இப்பவே யசோதராவுக்கு எடுத்துச் சொல்லுறன், தொடாதை எண்டு. உன்ர பால்கறியும் வேண்டாம், உன்ர வரிக் காயும் வேண்டாம்.

கோபிஷா: அன்ரி, கொஞ்சம் பொறுங்கோ.

திரேசா: கொப்பாவுக்கும் நானே எடுக்கிறன். இந்த முறை பொய் சொல்லத் தேவையில்லை. ‘இப்பதான் ஆய்ஞ்ச மாதிரி இருக்கு, அண்ணை’ எண்டு முதல் தரம் உண்மையாச் சொல்லப் போறன். தைரியமாக் கையெழுத்து வைக்கச் சொல்லுறன். பாவலையே போடட்டும். ... என்ன? ஏன் கண் கலங்குது? நான் திறந்ததுக்கோ? சரி, பிழைதான். ஆனா பாத்தது நல்லதாத்தானே வந்தது.

கோபிஷா: அப்பாவுக்கு எடுக்காதையுங்கோ. முதல் டெஸ்மன்ட் அண்ணாவுக்கு எடுங்கோ, திரும்பி வரச் சொல்லுங்கோ. அந்தப் பெட்டியைப் பாத்து அப்பா கையெழுத்து வைக்கக் கூடாது. காலமை ஒட்ட முதல் நானும் ஒருக்காப் பாத்தனான், அன்ரி... ரெண்டு மூண்டுதான் வாடியிருந்தது. ரெண்டே மூண்டுதான். ஆனா எனக்குக் கை நிக்கேல்லை. கடை திறந்த உடனை போய் வாங்கி முழுக்க மாத்திப் போட்டன். அப்பாவின்ர காய் பூம்ப்ளிசில எங்கட குசினி மேசையில கிடக்கு.